ஆர்எக்ஸ்-8க்கு எந்த ஆயில், எந்த பிளக்?

கேட்கப்பட்டது இது: "மெல்பர்னில் 2005ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆறு கியர் மேனுவல், 1,10,000 கி.மீ. ஓடியது. முன்பு வைத்திருந்தவர் சர்வீஸ் விவரம் எதுவும் தரவில்லை. உதிரிபாகக் கடைக்காரர் 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக் போடச் சொல்கிறார். நண்பர் ஒருவர் சிந்தெடிக் போட்டால் ரோட்டரி எஞ்சின் செத்துவிடும் என்கிறார். பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டுமா? நான்கு துளைக்கும் ஒரே மாதிரி பிளக் போடலாமா? ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் வெள்ளையாகக் கூழ் போல ஒட்டியிருக்கிறது, ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?"

இதே 2005 மாடலை இதே ஊரில் பன்னிரண்டு ஆண்டு ஓட்டியவன் நான். பிளக்கும், பிளக்கில் பொறி வர மின்சாரம் கொடுக்கும் காயிலும், ஆயிலும் என் கையாலேயே மாற்றினேன். அந்த அனுபவத்திலிருந்தும், இந்த எஞ்சினைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

கடைக்காரர், நண்பர் இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. சாதாரண காரில் ஆயிலுக்கு வேலை உள்ளேயே சுற்றிவருவது. அது எரிந்தால் எஞ்சினில் கோளாறு. உங்கள் காரில் இருக்கும் ரோட்டரியில் அப்படி இல்லை. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின் அது. முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டை இருக்கிறது. அது ரோட்டரைச் சுற்றியுள்ள ஹவுசிங்கின் உள்சுவரை ஒவ்வொரு கணமும் உரசிக்கொண்டே ஓடுகிறது. அந்த உரசலுக்கு ஆயில் வேண்டும். அதனால் மீட்டரிங் பம்ப் என்ற சிறு பம்ப் கிராங்க்கேஸ் ஆயிலிலிருந்து கொஞ்சத்தை எடுத்து ஹவுசிங்குக்குள் சொட்டுச் சொட்டாகச் செலுத்துகிறது. அது பெட்ரோலோடு எரிந்து வெளியே போகிறது. அதாவது உங்கள் கார் ஆயில் குடிப்பது நோய் அல்ல, அதன் பிறவிக் குணம். குடிக்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

யமஹா ஆர்எக்ஸ்100 ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். பெட்ரோல் டேங்க் ஒருபுறம், 2டி, அதாவது டூ-ஸ்ட்ரோக் ஆயில் தனித் தொட்டியில் ஒருபுறம், நடுவில் ஒரு பம்ப் ஓட்டத்துக்கு ஏற்ப அளந்து கொடுக்கும். ஆர்எக்ஸ்-8இலும் ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். ஒரு பெரிய வித்தியாசம், இங்கே தனித் தொட்டி கிடையாது. பேரிங்குகளைக் காக்கிற அதே எஞ்சின் ஆயில்தான் எரிக்கவும் படுகிறது. பேரிங்குக்கு வேண்டியது சூட்டில் நீர்த்துப்போகாத, கழுவும் ரசாயனங்கள் கலந்த கெட்டியான ஆயில். சீலுக்கு வேண்டியது சுத்தமாக எரிந்து சாம்பல் விடாத ஆயில். ஒரே டின்னிடம் இந்த இரண்டு வேலையையும் கேட்பதால்தான் ரோட்டரி ஆயில் விவாதம் ஐம்பது ஆண்டாக முடியாமல் இருக்கிறது.

இந்தச் சீல் ஒன்றும் சாதாரண சங்கதி அல்ல. ஃபெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்த எஞ்சினின் உரிமத்தை ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடமிருந்து மாஸ்டா வாங்கியபோது, ஓடிய கொஞ்ச நேரத்திலேயே ஹவுசிங் சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்தது. சீல் அதிர்ந்து அதிர்ந்து சுவரைப் பிறாண்டியது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'பேயின் நகக்கீறல்'. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் நாற்பத்தேழு பொறியாளர்கள் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் கார்பனும் அலுமினியமும் சேர்ந்த சீல் ஒன்றை உருவாக்கிய பிறகுதான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு வந்த என்எஸ்யுவின் ரோ 80 காரோ சீல் தேய்மானத்தாலேயே பெயர் கெட்டு, அந்த நிறுவனத்தையே தள்ளாட வைத்தது. சீலின் நலன் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் ரெனெசிஸ் எஞ்சினிலும் ஆயிலைப் பற்றிய கேள்வி கடைசியில் சீலில்தான் வந்து நிற்கும்.

இனி டின்னின் மேல் எழுதியிருக்கும் எண்ணுக்கு வருகிறேன். அதில் கடைசியாக வரும் 20, 30, 40 கூடக் கூட, சூட்டில் ஆயில் கெட்டியாக நிற்கும்.

ஹிரோஷிமாவில் தயாரான இந்தக் காருக்கு வட அமெரிக்கக் கையேட்டில் 5டபிள்யூ-20 என்றும், வெளியே பல நாடுகளில் 5டபிள்யூ-30 என்றும் மாஸ்டா எழுதியது. எஞ்சின் ஒன்றேதான். அமெரிக்காவில் எரிபொருள் சிக்கனக் கணக்கு கடுமையானது, மெல்லிய ஆயில் அந்தக் கணக்குக்கு உதவும். நான் புரிந்துகொண்ட காரணம் அதுதான். பேரிங்கின் பக்கம் நின்று பார்த்தால் 20 எனக்கு ஒப்பவில்லை. ரோட்டரி எஞ்சினில் ஆயில் வழுக்க வைப்பதோடு நிற்பதில்லை, குளிர்விக்கவும் செய்கிறது. ரோட்டரின் உட்புறம் முழுவதும் ஆயிலால்தான் குளிர்கிறது. தண்ணீர் ஹவுசிங்கை மட்டும் சுற்றுகிறது. அதனால் ஆயில் ஏந்தும் சூடு மிக அதிகம். பம்பருக்குப் பின்னால் இரு பக்கமும் இரண்டு ஆயில் கூலர்கள் வைத்திருப்பது இதற்காகத்தான்.

150 டிகிரி சூட்டில், வேகமான உரசலில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று பார்க்கும் அளவு ஒன்று உண்டு. 20 கிரேடு ஆயிலுக்கு அது குறைந்தது 2.6 இருந்தால் போதும். 30 கிரேடுக்கு 2.9. ஐரோப்பிய ஏசிஇஏ தரத்தில் சி3 என்று அச்சிட்ட ஆயிலுக்குக் குறைந்தது 3.5. இதே சி3 தரம் இன்னொன்றையும் கட்டுப்படுத்துகிறது: எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் 0.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. டீசல் வடிகட்டி, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைக்காமல் இருக்க வேண்டும் என்று வகுத்த விதி அது. ரோட்டரிக்காக யாரும் வகுக்கவில்லை. ஆனால் பேரிங்குக்குக் கெட்டியான படலமும் சீலுக்குக் குறைந்த சாம்பலும் ஒரே டின்னில் கிடைப்பது இதில்தான். இதைக் கவனித்த பிறகு நான் பிராண்டு பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். டின்னின் பின்பக்கத்தைத் திருப்பி சி3 இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

எனவே மெல்பர்னுக்கு என் தேர்வு 5டபிள்யூ-30 சி3. ஜனவரி வெயிலில் நாற்பது டிகிரியில் நெரிசலில் நிற்கிறவர், எப்போதாவது ரேஸ் டிராக்குக்குப் போகிறவர் என்றால் 5டபிள்யூ-40 சி3. கடைக்காரர் சொன்னது அந்த வகையில் தப்பில்லை. 20டபிள்யூ-50 வேண்டாம். ஜூலை மாதக் காலையில் ஐந்து டிகிரியில் ஸ்டார்ட் செய்யும்போது அது தேன் போல நகரும்; பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேருவதற்குள் ஆகும் தேய்மானம், சூட்டில் அது தரும் பாதுகாப்பைத் தின்றுவிடும்.

சிந்தெடிக் போட்டால் எஞ்சின் செத்துவிடும் என்று உங்கள் நண்பர் சொல்வது அவர் கற்பித்துக்கொண்டது அல்ல. பழைய தலைமுறை சிந்தெடிக் ஆயில்களின் காலத்தில் ரப்பர் சீல்களுக்கு அவை ஒத்துவருமா என்ற ஐயம் இருந்தது. ரோட்டரிக்குச் சிந்தெடிக் வேண்டாம் என்று மாஸ்டாவே வட அமெரிக்காவில் வெகுகாலம் சொல்லிவந்தது. கூடவே, சிந்தெடிக் சரியாக எரியாது, கசடு விடும் என்ற பேச்சும் பரவியது. இந்த இரண்டாவது பேச்சைத்தான் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். ஆயில் எரிந்தபின் சாம்பலாக மிஞ்சுவது அதன் அடிப்படை எண்ணெய் அல்ல. அதில் கலந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகச் சேர்மானங்கள்தான் சாம்பலாகின்றன. மினரல் ஆயிலிலும் இதே சேர்மானங்கள் உண்டு. அவை நிறைந்த மினரல், அவை குறைந்த சிந்தெடிக்கைவிட அதிகச் சாம்பல் விடும். ஜப்பானில் ஐடெமிட்சு நிறுவனம் ரோட்டரிக்கென்றே சிந்தெடிக் ஆயில் தயாரிக்கிறது. சிந்தெடிக் இந்த எஞ்சினுக்கு விஷம் என்றால் அப்படி ஒன்று சந்தையில் நின்றிருக்காது.

துத்தநாகத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 'ரேஸிங் ஆயில், துத்தநாகம் கூடுதல்' என்று பெருமையாக எழுதிய டின்கள் விலை அதிகமாக விற்கும். துத்தநாகம் முக்கியமாகக் காப்பது கேம்ஷாஃப்டையும் அது தட்டுகிற பாகங்களையும். உங்கள் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் கிடையாது, வால்வு கிடையாது. அந்தக் கூடுதல் துத்தநாகம் இங்கே எரிந்து சாம்பலாவதைத் தவிர வேறு பெரிய வேலை எதுவும் செய்யாது. லாரி டீசல் எஞ்சினுக்கான 15டபிள்யூ-40 ஆயிலைச் சிலர் மலிவு என்று ஊற்றுகிறார்கள். கழுவும் சேர்மானம் அதில் அதிகம், சாம்பலும் அதிகம். எனக்குச் சம்மதம் இல்லை.

எந்த ஆயில் என்பதைவிட எவ்வளவு ஆயில், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதுதான் இந்தக் கார்களை வாழவைக்கிறது, சாகடிக்கிறது. டாஷ்போர்டில் ஆயில் அழுத்தம் காட்டும் முள் இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். அதன் பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச். அழுத்தம் ஓரளவுக்கு மேல் இருந்தால் முள் நடுவில் போய் நிற்கும், இல்லாவிட்டால் கீழே விழும். நடுவில் நிற்பதைப் பார்த்து எல்லாம் நலம் என்று எண்ணிவிடக்கூடாது. டிப்ஸ்டிக் ஒன்றுதான் உங்களிடம் உண்மை பேசும். இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒருமுறை அதை எடுத்துப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்புங்கள், ஆனால் மேல்கோட்டைத் தாண்டாமல். தாண்டினால் மிகுந்த ஆயில் ஆவிக்குழாய் வழியாகக் காற்று உள்ளிழுக்கும் பாதைக்கே போய்விடும்.

5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ரோட்டரி பெட்ரோலைத் தாராளமாகக் குடிக்கும் எஞ்சின். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசம் தூக்கலாக வருகிறதென்றால் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். வடிக்கும்போது மூன்றரை லிட்டர் அளவுக்குத்தான் வெளியே வரும். கூலர்களிலும் குழாய்களிலும் ஏறத்தாழ அதே அளவு பழைய ஆயில் தங்கிவிடும். அதனால் உங்களுடையது போல வரலாறு தெரியாத காருக்கு ஒருமுறை மாற்றி, 500 கி.மீ. ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றுவதுதான் சரி. முதல் மாற்றத்தில் பாதி பழசு உள்ளேயே இருக்கிறது.

அடுத்தது பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில். என் பதில்: கலக்குங்கள். 2005 மாடலில் ஒரு ரோட்டருக்கு இரண்டு ஆயில் சொட்டுவாய்கள் உண்டு. இரண்டும் ஹவுசிங்கின் ஓரங்களை நோக்கி விடுகின்றன. சீலின் நடுப்பகுதிக்கு ஆயில் குறைவாகவே போகிறது. மாஸ்டா 2009 மாடலில் நடுவில் மூன்றாவது சொட்டுவாய் ஒன்றைச் சேர்த்து, மீட்டரிங் பம்பையும் மாற்றியது. தயாரிப்பாளரே திருத்திக்கொண்ட குறை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில் ஓரம், நடு என்று பாராமல் எங்கும் போய்ப் படியும்.

அளவு, லிட்டருக்கு 4 மில்லி. உங்கள் டேங்க் அறுபது லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு முழு நிரப்பலுக்கு 240 மில்லி. மீட்டரிங் பம்பைக் கழற்றி எறிந்த ரேஸ் கார்களுக்கு அதன் இரட்டிப்பு, லிட்டருக்கு 8 மில்லி. உங்கள் பம்ப் வேலை செய்கிறவரை அவ்வளவு தேவையில்லை. அளவு மீறினால் பிளக் கரி பிடிக்கும். பங்கில் முதலில் ஆயிலை ஊற்றிவிட்டுப் பிறகு பெட்ரோல் அடியுங்கள், பெட்ரோலின் வேகத்திலேயே கலந்துவிடும். ஜேஏஎஸ்ஓ எஃப்டி என்று முத்திரையிட்ட, குறைவாகப் புகையும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலாகப் பாருங்கள். மோட்டார் படகுக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலைச் சிலர் சாம்பல் இல்லாதது என்று விரும்புகிறார்கள். அது உண்மைதான், ஆனால் தண்ணீரில் குளிரும் படகு எஞ்சினின் குறைந்த சூட்டுக்கு வகுத்த தரம் அது. எனக்கு எஃப்டியே நிறைவு.

கலப்பதால் மீட்டரிங் பம்பை அணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருநாள் கலக்க மறந்தாலும் அந்தப் பம்ப்தான் எஞ்சினைக் காக்கும். தனித் தொட்டி வைத்து, பம்புக்கே சுத்தமான டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கொடுக்கும் சோன் அடாப்டர் என்ற பாகமும் உண்டு. ஆர்எக்ஸ்100 முறையேதான் அது. இந்தச் சிக்கலுக்கு அதைவிட நேர்த்தியான தீர்வு நான் பார்த்ததில்லை. பொருத்துவதற்கு நல்ல கை வேண்டும், அவ்வளவுதான்.

பிளக் விஷயத்தில் என் பேச்சு கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கும். நான்கு துளைக்கும் ஒரே பிளக் வேண்டாம்.

ரோட்டரியின் எரிப்பு அறை நீண்டு வளைந்த பிறை போன்றது. ஒரு மூலையில் மூட்டிய தீ மறு மூலைக்குப் போய்ச் சேருவதற்குள் ரோட்டர் நகர்ந்துவிடும். அதனால்தான் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், உங்கள் காரின் இரண்டு ரோட்டருக்கு நான்கு. 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரின் நான்கு ரோட்டர் எஞ்சினில் ஒரு ரோட்டருக்கு மூன்று பிளக்கே வைத்திருந்தார்கள். உங்கள் காரில் கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். பெரும்பாலான வேலையைச் செய்வது லீடிங். டிரெய்லிங் சற்றுப் பிந்தி மூட்டி, மிச்சத்தை எரிக்கிறது.

இரண்டு துளையும் ஒன்றல்ல. லீடிங் துளை அறைக்குள் அகலமாகத் திறக்கும். டிரெய்லிங் துளை சிறு கண்போல இருக்கும். அபெக்ஸ் சீல் டிரெய்லிங் துளையைக் கடக்கும் கணத்தில் சீலின் இரு பக்கமும் அழுத்த வேறுபாடு மிக அதிகம். துளை பெரிதாக இருந்தால் ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசிந்துவிடும். சூட்டின் நிலையும் இரண்டு இடத்திலும் வேறு. அதற்கேற்றபடி மாஸ்டா கொடுத்தது: லீடிங்குக்கு என்ஜிகே ஆர்ஈ7சி-எல், டிரெய்லிங்குக்கு என்ஜிகே ஆர்ஈ9பி-டி. கடைசி எழுத்தைப் பாருங்கள், எல் என்றால் லீடிங், டி என்றால் டிரெய்லிங். என்ஜிகே கணக்கில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்தது, அதாவது சூட்டை வேகமாகக் கடத்தி வெளியேற்றும். ஆகவே 9 குளிர்ந்தது, 7 அதைவிடச் சூடானது. சில பிராண்டுகளில் இந்தக் கணக்குத் தலைகீழ் என்பதால் வேறு பிராண்டு வாங்கும்போது எண்ணை வைத்து முடிவுசெய்துவிடாதீர்கள்.

சூடான 7ஐ டிரெய்லிங்கில் போட்டால் அதன் முனை பழுத்து, தீப்பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைக்கலாம். அப்படி நடந்தால் உடைவது அபெக்ஸ் சீல்தான். குளிர்ந்த 9ஐ லீடிங்கில் போட்டால் வீடு, கடை, வேலை என்று ஊருக்குள் ஓட்டும் காரில் அது தன்மேல் படியும் கரியை எரித்துக்கொள்ளும் சூட்டை எட்டாது. கரி பிடித்து, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். நான்கிலும் 9 போடுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இதற்கு முந்தைய, டர்போ உள்ள மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து. 13பி-ஆர்ஈடபிள்யூ எஞ்சினுக்குத் தொழிற்சாலை கொடுத்தது லீடிங்கில் பியுஆர்7ஈக்யூ, டிரெய்லிங்கில் பியுஆர்9ஈக்யூ. டர்போ அழுத்தத்தை ஏற்றி ஓட்டுகிறவர்கள் நான்கிலும் 9ஐப் போட்டார்கள். அவர்களுக்கு அது சரியான முடிவு. உங்கள் எஞ்சினில் டர்போ இல்லை. அந்தப் பாடம் உங்களுக்குப் பொருந்தாது.

பிஸ்டன் எஞ்சின் பிளக் எதையாவது மரைக்குப் பொருந்துகிறதே என்று மாட்டிவிடவும் கூடாது. பிளக்கின் முனை ஹவுசிங் சுவருக்குச் சற்று உள்வாங்கியே நிற்க வேண்டும். இம்மி நீட்டிக்கொண்டிருந்தாலும் அபெக்ஸ் சீல் அதில் மோதும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்றுவது? நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறிவிடும். ரோட்டரியில் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை. ஆக, வேலை இரட்டிப்பு. இரிடியம் பிளக் என்றால் லட்சம் கி.மீ. ஓடும் என்று மற்ற காருக்குச் சொல்வதை இங்கே பாதியாக்கிக்கொள்ளுங்கள். 50,000 கி.மீ. தாண்டவிடாதீர்கள். 1,10,000 ஓடிய, விவரம் தெரியாத உங்கள் காருக்கு இந்த வாரமே நான்கையும் புதிதாக மாற்றுங்கள். கூடவே நான்கு காயில்களையும் வயர்களையும் மாற்றுங்கள்.

காயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் பிளக்கைப் பேசுவது பாதிப் பதில்தான். 2004, 2005 கார்களின் காயில்கள் இந்த இரட்டிப்பு வேலையில் சூடேறித் தளர்ந்துபோகும், பெரும்பாலும் 50,000 கி.மீ. சுற்றிலேயே. தளர்ந்த காயிலால் பொறி தவறுகிறது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. கன்வர்ட்டர் உருகி அடைபடுகிறது. வெளியேற வழியில்லாத சூடு எஞ்சினிலேயே தங்குகிறது. அந்தச் சூட்டில் சீல் போகிறது. 'ஆயில் சரியில்லை, எஞ்சின் போய்விட்டது' என்று புலம்புகிற பலருடைய கதை இந்தச் சங்கிலிதான். ஓடிக்கொண்டிருக்கும்போது செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் உடனே காலைத் தளர்த்தி ஓரம் கட்டுங்கள். வீடு வந்துசேரட்டும் என்று நினைக்காதீர்கள்.

பிளக்கை எடுப்பது எளிது. முன் இடது சக்கரத்தைக் கழற்றினால் பக்கவாட்டில் நான்கும் தெரியும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஹவுசிங் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை உரிந்து கையோடு வந்துவிடும். கையாலேயே திருகி உட்காரவைத்து, கடைசி இறுக்கத்துக்கு மட்டும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு. இடைவெளியைத் திருத்தக் கத்தியோ கம்பியோ இரிடியம் முனையில் படக்கூடாது. ஒரு வயரைக் கழற்றி, அந்தப் பிளக்கை மாற்றி, அதே வயரை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். காயில்களில் எல்1, டி1, எல்2, டி2 என்று குறி இருக்கும். 1 என்றால் முன் ரோட்டர். ஒருமுறை அவசரத்துக்கு ஒரு பணிமனையில் என் காரை விட்டேன். பிளக்கைச் சரியாகப் போட்டார்கள், வயரில் ஒரு 'எல்'-ஐயும் 'டி'-ஐயும் மாற்றி மாட்டிவிட்டார்கள். கார் ஓடியது, ஆனால் நெஞ்சில் கல்லை வைத்ததுபோல ஓடியது. இரண்டு நாள் எதையெதையோ தேடி, கடைசியில் கீழே படுத்துக் குறியைப் படித்தபோதுதான் விளங்கியது.

எடுத்த பழைய பிளக்குகளைத் தூக்கி எறியாமல் எந்தத் துளையில் எடுத்தது என்று எழுதி வரிசையாக வையுங்கள். இளம் பழுப்பு நிறம் நலம். காய்ந்த கரி என்றால் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுகிறீர்கள், அல்லது காயில் தளர்ந்திருக்கிறது. ஈரமாகப் பெட்ரோல் வாசத்தோடு வந்தால் அது வெள்ளக்காடாகிக் கிடந்த பிளக். குளிரில் காரை ஸ்டார்ட் செய்து, நகர்த்தி நிறுத்தி, சூடேறுமுன் அணைத்தால் இந்த எஞ்சின் அப்படி நனையும். இனி அணைப்பதானால் சூடுமுள் நடுவுக்கு வந்தபின் அணையுங்கள். நனைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள்; அந்த நிலையில் பெட்ரோல் வராது, உள்ளே தேங்கியது காய்ந்துவிடும். வெள்ளை வெளேரென்று கொப்பளித்த பிளக் வந்தால் மட்டும் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஆள் பாருங்கள்.

பிளக் வெளியே இருக்கிற அந்த நேரத்திலேயே கம்ப்ரெஷனையும் சோதித்துவிடுங்கள். சாதாரண கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் மிக நல்லதை மட்டும் காட்டி உங்களை ஏமாற்றும். மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரி டெஸ்டர் உள்ள இடமாகப் பாருங்கள். ரோட்டரிப் பித்து நிறைந்த ஆஸ்திரேலியாவில் அதற்குப் பஞ்சமில்லை. நிமிடத்துக்கு 250 சுற்றில் புதிய எஞ்சினின் அளவு 830 கிலோபாஸ்கல். 680க்குக் கீழே போனால் அது மறுகட்டுமானத்துக்கு நாள் குறிக்கும் எஞ்சின். முகத்துக்கு முகம் வேறுபாடு 150க்குள்ளும், ரோட்டருக்கு ரோட்டர் 100க்குள்ளும் இருக்க வேண்டும். இந்த எண்கள் கையில் வந்த பிறகுதான் விலையுயர்ந்த மற்ற பாகங்களில் இறங்குவது முறை.

கடைசியாக அந்த வெள்ளைக் கூழ். ஹெட் கேஸ்கட் போகவில்லை, ஏனென்றால் இந்த எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டே கிடையாது. ஆர்எக்ஸ்-8இன் ஆயில் ஊற்றும் குழாய் நீளமானது, எஞ்சின் சூடு அதன் வாய்வரை ஏறாது. குளிர்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் காரில் ஈரக்காற்று அங்கே படிந்து ஆயிலோடு சேர்ந்து இப்படிக் கூழாகும். துணியால் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி, சூடேறியபின் ஒன்றிரண்டு முறை 8,000 சுற்றுவரை ஏற்றிவிட்டு வந்து பாருங்கள். டிப்ஸ்டிக்கில் கூழ் இல்லாமல், கூலண்ட் அளவும் குறையாமல் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. கூலண்ட் குறைந்துகொண்டே போனால், அல்லது காலையில் ஸ்டார்ட் செய்ததும் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை வந்தால், அது ஹவுசிங்குகளுக்கு இடையே உள்ள தண்ணீர் சீல். அதற்கு எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும்.